பார்த்து எழுதச் சொன்னீர்கள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் ஆக்கியது நீங்கள்தான்.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது தெரியும். மரியாதை தெரியாத மாப்பிள்ளை என்று ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அதற்கு இன்னொரு சான்று தர விருப்பமில்லை. ஆகவே, உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மகள் என் அழைப்பை எடுக்காமல் இருப்பதில் ஒரு நாளும் தவறாமல் நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். பாப்பா சரியாகச் சாப்பிடுகிறாளா என்று தெரியவில்லை. இங்கே நான் நலம். இது பொய். ஆனால் கடிதத்தில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்வீர்கள்.

எதையும் எழுத்தில் வை என்பது உங்கள் வழக்கம். முப்பது வருடம் பள்ளி ஆய்வாளராக இருந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார்களுக்கே மதிப்பெண் போட்ட கை உங்களுடையது. ஆகவே நடந்ததை மறுபடி எழுத்தில் வைக்கிறேன். போன மாதம் ஒரு மாலை, பாப்பாவை நடக்கக் கூட்டிப் போனேன். மருந்துக்கடை மூலையில் சூப்பர்வைசர் அழைத்தார். எங்கள் பார்சல் கிடங்கில் சூப்பர்வைசர் அழைத்தால் மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும், எடுக்காதவனின் நாளைய ஷிப்ட் எடுத்தவனுக்குப் போய்விடும். சத்தமாக இருந்தது, சரியாகக் கேட்கவில்லை. "இங்கயே நில்லு" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப் போனேன். தள்ளிப் போனவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். செருப்பைக் கழற்றினேன், முகம் கழுவினேன், தண்ணீர் குடித்தேன். உங்கள் மகள் "பாப்பா எங்க?" என்றாள். "உள்ளதான் இருப்பா" என்றேன். அந்தப் பதிலைத்தான் உங்கள் மகள் இன்றுவரை மன்னிக்கவில்லை. மறந்ததைக்கூட மன்னித்திருப்பாளாம். "உள்ளதான் இருப்பா" என்று அவ்வளவு நிம்மதியாகச் சொன்னதை மன்னிக்க முடியாதாம். ஓடினேன். பாப்பா அதே மூலையில், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து நிமிடம். "நில்லுன்னீங்க, நின்னேன்" என்றாள். அழவில்லை. மறுநாள் காலை தாயும் மகளும் உங்கள் வீட்டில்.

பிறகு உங்கள் பதிவுத் தபால். இரண்டு வாரம், மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, இந்தக் குடியிருப்பில் மற்ற பெற்றோர்கள் தம் பிள்ளைகளோடு எப்படி நடக்கிறார்கள் என்று நான் கவனிக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பி அனுப்பினால், படித்துப் பார்த்துவிட்டு, பாப்பாவை அனுப்புவது பற்றி யோசிப்பீர்கள். கூடவே நாற்பது படிவங்கள். மாமா, அவை உங்கள் பழைய வகுப்பறை ஆய்வுப் படிவங்கள். 'ஆசிரியர்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து 'பெற்றோர்' என்று எழுதியிருந்தீர்கள். 'மாணவர்' என்பதை அடித்து 'குழந்தை' என்று எழுதியிருந்தீர்கள். ஏழாவது கேள்வியை மட்டும் அடிக்க மறந்துவிட்டீர்கள். 'கரும்பலகையைப் பயன்படுத்தும் முறை: நன்று / சுமார் / திருப்தியில்லை.' மறதி எங்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போதே எழுத நினைத்தேன். எழுதவில்லை. பாப்பா உங்கள் வீட்டில் இருக்கிறாள்.

முதல் நாள் படிவத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, பெரிய அடுக்குமாடியின் வாசலுக்கு எதிரே நின்றேன். கிடங்கில் இருந்து நேராகப் போனேன், கம்பெனி டீ-சர்ட், முதுகில் வியர்வை வரைந்த தேசப்படம். அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்தார்.

"யாருங்க வேணும்?"

"யாரும் வேணாம். சும்மா பாத்துட்டிருக்கேன்."

"என்னத்த?"

"பிள்ளைங்கள."

அந்த ஒரு சொல்லோடு என் மரியாதை முடிந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் என் காலரைப் பிடித்தார், இன்னொருவர் அதைப் படம் பிடித்தார். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்று நிரூபிக்க, செல்போனில் பாப்பாவின் படத்தைக் காட்டினேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் செய்ததில்லை.

"இது யாரு பிள்ளை?"

"என் பிள்ளை."

"எங்க இருக்கு?"

"இங்க இல்ல."

"எங்கய்யா வச்சிருக்க?"

"மாமனார் வச்சிருக்காரு."

"ஓ, மொத்தக் குடும்பமுமா!"

காவலாளிதான் காப்பாற்றினார். மருந்துக்கடை மூலையில் அன்று நான் தலைதெறிக்க ஓடியதை அவர் பார்த்திருக்கிறார். "இது அந்தப் பிள்ளைய மறந்துட்டுப் போன ஆளு, பிடிக்கிற ஆளு இல்ல" என்று அவர்களிடம் சொன்னார். எனக்காக ஒருவர் கொடுத்த நற்சான்றிதழ் அது, மாமா, நீங்களும் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரும் கலைந்த பிறகு என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, வெறுங்கையோட நிக்காதீங்க. வெறுங்கையோட நிக்கிறவனைத்தான் இவங்க கேள்வி கேப்பாங்க. கையில ஒரு பரீட்சை அட்டை, பாக்கெட்ல ஒரு பேனா. அப்புறம் நீங்க இவங்க வீட்டுக்குள்ளயே போகலாம்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மறுநாள் அதே டீ-சர்ட், அதே வியர்வை, அதே பார்வை. கையில் மட்டும் ஓர் அட்டை, அதில் உங்கள் படிவம். முந்தின நாள் என் காலரைப் பிடித்தவர் "வணக்கம் சார், தெருவிளக்கு ரெண்டு எரியல, குறிச்சுக்குங்க" என்றார். குறித்துக்கொண்டேன். நம் ஊர்களில் மனிதனை மனிதனாக மதிக்கச் செலவாகும் பொருள் ஒரு பரீட்சை அட்டையும் ஒரு கிளிப்பும்தான்.

அன்றிலிருந்து ஐந்து நாட்கள் நேர்மையாகவே கவனித்தேன். நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்று தெரியும். நல்ல தகப்பன்களைப் பார்த்து நான் வெட்கப்பட வேண்டும். வெட்கப்படத் தயாராகவே போனேன், ஆனால் ஆள் கிடைக்கவில்லை. இயர்போன் அப்பா ஒருவர், காதில் யாரோடோ பேசிக்கொண்டே நடப்பார், மகன் நான்கடி பின்னால். இன்னொருவர் பச்சை டிராக் பேன்ட். மகள் மூச்சுவிடாமல் கேள்வி கேட்பாள், அவர் "ம்" என்பார். ஒரு நாள் அவள் "அப்பா, நீங்க நான் கேக்கறத கேக்கறீங்களா?" என்றாள். அதற்கும் "ம்". மணிக்கட்டில் அடி எண்ணும் கடிகாரம் கட்டிய ஓர் அம்மா, தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஓட்டமும் நடையுமாக. குழந்தை இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உயிர் பிழைக்கப் பயணம் செய்யும். 'சொல்லு பாப்பா' தம்பதி என்று நான் பெயர் வைத்த இருவர், இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் நடுவில் வரும் பிள்ளை வழியாகத்தான். "அப்பாகிட்ட சொல்லு, காஸ் தீந்துபோச்சுன்னு." "அம்மாகிட்ட கேளு, நேத்தே ஏன் சொல்லலன்னு." ஐந்து வயதுப் பிள்ளை, சலிப்பே இல்லாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூது போகிறது, கணவன் வாக்கியத்தில் இருக்கிற கோபத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் மனைவியிடம் சேர்க்கிறது. எந்தக் கிடங்கிலும் அவ்வளவு பத்திரமாகப் பார்சல் கையாளப்பட்டு நான் பார்த்ததில்லை.

இவர்களைக் கேலி செய்வது சுலபம் மாமா. எழுதும்போது எனக்கே அலுத்துவிட்டது. ஒன்பது மணி நேரம் வேலை ஒரு ஆளைப் பிழிந்து எடுத்துவிட்டு, மீதியை வீட்டுக்கு அனுப்புகிறது. அந்த மீதிதான் பிள்ளையோடு நடக்கிறது. நடக்க இடமாவது இருக்கிறதா? நடைபாதை என்று ஒன்று கட்டினார்கள், இப்போது அதன் மேல் கார்கள் படுத்திருக்கின்றன. காருக்கு நிழல் வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போட்டவர்கள், பிள்ளைக்கு மூன்றடி அகலம் வேண்டும் என்று ஒரு மனு போட்டதில்லை. பிள்ளைகள் பம்பருக்கும் பம்பருக்கும் நடுவில் நுழைந்து நுழைந்து நடக்கிறார்கள். 'குழந்தையின் கையைப் பிடித்திருக்கிறாரா' என்பது உங்கள் முதல் கேள்வி. இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நடக்க வழியில்லாத தெருவில் எந்தக் கையை எப்படிப் பிடிப்பது என்று உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. ஏழாவது கேள்விக்கு ஒவ்வொரு படிவத்திலும் 'கரும்பலகை காணப்படவில்லை' என்று எழுதினேன். பாதி விட்டால் திருப்பி அனுப்பிவிடுவீர்கள் என்ற பயம்.

ஆறாம் நாள் அந்த ஏழாவது கேள்வி என் கழுத்தைப் பிடித்தது. தள்ளுவண்டி அம்மா ஓடிக்கொண்டே வந்து, நின்று, என் தோளுக்கு மேலாக அட்டையை எட்டிப் பார்த்தார். அடிக்கப்பட்ட 'ஆசிரியர்' தெரிந்தது, அடிக்கப்பட்ட 'மாணவர்' தெரிந்தது, அடிக்கப்படாத கரும்பலகை தெளிவாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"எந்த ஸ்கூல்ல இருந்து வரீங்க?"

"ஸ்கூல் இல்லைங்க. எங்க மாமா குடுத்தது."

"புரியுது" என்று கண்ணைச் சிமிட்டினார். "வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க எழுதுங்க, நான் பாக்கவே இல்ல." போகிற போக்கில் படிவத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

இந்தத் தெருக்கோடியில் பெரிய பள்ளி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் அங்கே சேர்க்கை. பிள்ளைக்கு நேர்காணல், பெற்றோருக்கு நேர்காணல், நாய் வைத்திருந்தால் நாய்க்கும் ஏதாவது இருக்கும். ஆகவே, பள்ளி நிர்வாகம் பெற்றோர்களின் குணத்தை ரகசியமாக ஆராய ஆள் அனுப்பியிருக்கிறது என்பதை நம்ப இங்கே ஒருவருக்கும் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

ஏழாம் நாள் ஐந்து மணிக்கே தெரு நிரம்பிவிட்டது. அப்பாக்கள் பாதிப்பேர் விடுப்பு எடுத்திருந்தார்கள். காய்ச்சலுக்கு எடுக்காத விடுப்பு, மாமா. பிள்ளைகளைத் தேய்த்து மடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். ஒவ்வொரு கையும் பிடிக்கப்பட்டிருந்தது. சில பிள்ளைகளுக்கு இரண்டு கையும். பச்சை டிராக் பேன்ட் எனக்கு எதிரே வந்ததும் குனிந்து, "கேளும்மா, உனக்கு என்ன கேக்கணும்?" என்றார். அந்தப் பிள்ளை மிரண்டுபோய், "ஒண்ணும் இல்லப்பா" என்றது. 'சொல்லு பாப்பா' தம்பதி ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. என்னைக் கடக்கும்வரை அன்பு, கடந்ததும் ஓர் இழுப்பு. நான் நின்ற இடத்தில் இருந்து முன்னும் பின்னும் பத்தடி தூரம்தான் இந்தக் குடியிருப்பில் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்த பகுதி.

எட்டாம் நாள் கரும்பலகைகள் வந்தன. படம் எல்லோர் செல்போனுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சிலேட்டு, காந்தம் ஒட்டும் வெள்ளைப் பலகை, சமையலறையில் மாட்டும் குறிப்புப் பலகை, எதெல்லாம் கிடைத்ததோ அதெல்லாம். நடந்துகொண்டே ஒரு தகப்பன் பலகையைத் தூக்கிப் பிடித்து 'இலை' என்று எழுதி, மரத்தைக் காட்டினார். இயர்போன் அப்பா காதில் ஒன்றும் இல்லாமல் முதல்முறையாக வந்தார், ஒன்றும் தெரியாதவர்போல் கழுத்தில் சிலேட்டு மாட்டியிருந்தார். கார்களுக்கு நடுவே தள்ளுவண்டிகளும் பலகைகளும் சிக்கி, அரை மணி நேரம் தெரு நகரவில்லை. காவலாளி போக்குவரத்தைச் சரிசெய்தபடி என் காதருகே, "தம்பி, நான் ஒரு அட்டைதான் எடுத்துக்கச் சொன்னேன்" என்றார்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். ஏழு நாளாக யாரும் என் காலரைப் பிடிக்கவில்லை. நான்கு பேர் சார் என்றார்கள். கிடங்கில் என்னை எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஒன்பதாம் நாள் ஓர் அக்கா வந்தார். அடுக்குமாடியில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பெருக்குகிறவர். தினம் இந்த நேரத்துக்கு ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்கு மகளோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், படிவம் போடவில்லை. அவர்கள் நடை பழகவில்லை, வேலைக்குப் போகிறார்கள் என்று என் புத்தி கணக்குப் போட்டிருந்தது. அன்று மகளைக் குளிப்பாட்டி, ஈரத்தலையை வகிடெடுத்துச் சீவி, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். பாப்பா வயதுதான் இருக்கும். அவள் நெஞ்சோடு ஒரு பலகையை அணைத்திருந்தாள். அட்டைப்பெட்டி மூடி, பேனாவால் தீட்டித் தீட்டிக் கறுப்பாக்கியது. ஓரத்தில் எங்கள் கிடங்கின் ஸ்டிக்கர் கிழியாமல் ஒட்டியிருந்தது.

"சார், வேலை செய்யறவங்க பிள்ளைய எழுதுவீங்களா? இல்ல, வீட்டுக்காரங்க மட்டுந்தானா?"

பேனாவை மூடினேன். "அக்கா, நான் ஸ்கூல்ல இருந்து வரல."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு தெரியும் சார். நான் மூச்சு விட மாட்டேன்."

"நெசமாவே இல்லக்கா. பார்சல் கிடங்குல வேலை. இது எங்க மாமனார் குடுத்தது. பிள்ளைய ஒருநாள் மூலையில விட்டுட்டு மறந்து வீட்டுக்குப் போயிட்டேன். அதான், மத்தவங்க எப்படி நடக்குறாங்கன்னு பாத்து எழுதச் சொன்னாரு."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். 'சார்' அந்தப் பார்வையிலேயே கரைந்துவிட்டது.

"பிள்ளைய ரோட்டுல மறந்தவனா நீ? நீயா எல்லாருக்கும் மார்க் போடுற? ரெண்டு வீட்ல இன்னிக்கி வரலன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்யா. ஒரு வீட்ல, இன்னிக்கி வராட்டி நாளையில இருந்தே வேணாம்னுட்டாங்க. சரி போகட்டும், பிள்ளை படிச்சாப் போதும்னு வந்தேன். உன் மாமனாருக்குப் படம் காட்டவா நான் வந்தேன்?"

அந்தப் பிள்ளை அம்மாவின் சேலையை இழுத்தாள். "அம்மா, எழுதிட்டாரா?"

அவர் அவளை இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் போய் அந்த வீட்டில் பேசுகிறேன் என்றேன். "நீ பேசினா இருக்குற வீடும் போயிரும், நில்லு அங்கயே" என்றார். நின்றேன்.

அவர் குரல் சின்னக் குரல் இல்லை. தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. சங்கச் செயலாளர், ஓய்வுபெற்றும் ஓயாத ஒரு மனிதர், உங்கள் நினைவு வந்தது, அட்டையை என் கையில் இருந்து பிடுங்கி எல்லோர் முன்னாலும் படிக்க ஆரம்பித்தார். "'பச்சை டிராக் பேன்ட் தந்தை. குழந்தை பதினோரு கேள்வி. பதில்: ம். குரலில் ஏற்ற இறக்கம்: இல்லை. கரும்பலகை காணப்படவில்லை.'" எல்லோரும் திரும்பிப் பச்சையைப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த தாளில் சிரித்தவர்களே வந்தார்கள். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. 'சொல்லு பாப்பா' தாள் வந்ததும் அந்த அம்மா கணவரை நேராகப் பார்த்து, "பாத்தீங்களா, எழுதியே வச்சிருக்கான்" என்றார். அவர் "நீ மட்டும் என்ன?" என்றார். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்கு முதல்முறையாக வேலை இல்லை.

தீர்ப்பு இதுதான்: நான் மாலை ஐந்து முதல் ஏழு வரை அந்தத் தெருவில் நிற்கக் கூடாது. என் படம் சங்கத்தின் குழுவில் போடப்படும். படிவங்கள் பறிமுதல். "அந்தக்காவுக்கு ஒரு வீட்டு வேலை போச்சே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன். "அது உங்களால வந்தது" என்றார் செயலாளர். உண்மைதான், என்னால் வந்தது. ஆனால் அந்த அக்காவை வேலையில் இருந்து நிறுத்தியது, கண் சிமிட்டிய அந்தத் தள்ளுவண்டி அம்மா. தான் பலகையோடு நடக்கப் போகும்போது வீட்டில் பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமாம். தன் பிள்ளைக்கு ஒரு மாலை கொடுக்க இன்னொரு பிள்ளையின் மாலையை எடுத்துக்கொள்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. உங்கள் படிவத்தில் அதற்கும் கட்டம் இல்லை.

எல்லோரும் போன பிறகு இயர்போன் அப்பா மட்டும் நின்றார். மகன் பக்கத்தில் கல் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு என்ன எழுதியிருந்தீங்க? அவரு என் தாளைப் படிக்கல."

"வேணாம் சார்."

"சொல்லுங்க."

"'வா'ன்னு ஏழு தடவை சொன்னீங்க. 'சீக்கிரம்'னு நாலு. வேற ஒண்ணும் சொல்லல. அஞ்சு நாள்ல."

அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆபீஸ் கால் சார். எடுக்காம இருக்க முடியாது" என்றார்.

"எனக்கும் கால்தான் சார்" என்றேன்.

இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம். அதைவிட ஒற்றுமையாக இரண்டு ஆண்கள் நின்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே மாமா, நிரப்பிய படிவம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வெற்றுப் படிவங்களை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் கண்டறிந்தது இதுதான்: இங்கே நல்ல தகப்பன் யாரும் இல்லை, எல்லோரையும் வேலை கெடுத்து வைத்திருக்கிறது, என்னையும். சூப்பர்வைசர் அன்று அழைக்காமல் இருந்திருந்தால் நான் பாப்பாவை மறந்திருக்க மாட்டேன். குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதானால் அந்தக் கிடங்கை நிறுத்துங்கள். என்னை இனி யாரையும் பார்க்கச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என் மனைவியையும் மகளையும் அனுப்பி வையுங்கள். நான் கெஞ்சவில்லை, கேட்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ஆசி என்றும் வேண்டும், முழங்கால் குணமானதும் நேரில் வந்து கொடுத்தாலும் சரி. பாப்பாவுக்கு முத்தம், உங்கள் மகள் அனுமதித்தால்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதில் சூப்பர்வைசர் அழைத்தார் என்பது பொய். அன்று யாரும் அழைக்கவில்லை. உங்கள் மகளிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன், சொல்லிச் சொல்லி எனக்கே அந்த மணி கேட்க ஆரம்பித்துவிட்டது. அந்த இயர்போன் அப்பாவிடமும் கூசாமல் சொன்னேன். அன்று செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஓர் ஆள் அழுக்குக் கம்பளத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறான். அவ்வளவுதான். கறுப்பாக இருந்தது, வெள்ளையாகிக்கொண்டே வந்தது. பாப்பா ஏதோ காட்ட வேண்டும் என்று கையை இழுத்துக்கொண்டே இருந்தாள். முடியும்வரை பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் 'இங்கயே நில்லு' என்றேன். கிடங்கின் மேல் எனக்குள்ள கோபம் எல்லாம் நிஜம், ஒரு சொல்லையும் திரும்ப எடுக்க மாட்டேன். ஆனால் அன்று கிடங்குக்கு இதில் பங்கு இல்லை. இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுப்பதானால் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். அதன் பிறகு அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் முடிவு, ஞாயிறு என்று சொன்னதை மறந்துவிடுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த மூலையில் அவள் தனியாக நின்ற இருபத்தைந்து நிமிடம் என்னென்ன பார்த்தாள் என்று பாப்பாவிடம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை. அவள் சொல்வதைச் சிவப்பு மையில் திருத்தாமல், அவள் சொன்ன மாதிரியே எழுதி, அடுத்த தபாலில் எனக்கு அனுப்புங்கள்.